இரண்டு கைப்பட்டைகள்

பூவரசனை வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற கடிதம் திரையில் வந்து விழுந்தபோது சுகிர்தாவின் கையில் பாதி கடித்த வடை இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஒரே வரி: ‘ஆறு ஆண்டுகளாக வளர்ச்சி இல்லை.’ விடுவிக்கும் நாள், இன்றிலிருந்து இருபத்தோராம் நாள். நேரில் சொல்ல வேண்டியவர், குழுத் தலைவர் சுகிர்தா.

இப்படிப்பட்ட கடிதம் அவளுக்குப் புதிதல்ல. இரண்டு மாதத்துக்கு ஒன்றாவது வரும். பெயரைப் பார்ப்பாள், ‘ஐயோ பாவம்’ என்பாள், நாளைக் குறித்துக்கொண்டு வடையைத் தின்று முடிப்பாள். இந்த முறை வடை இறங்கவில்லை. வளர்ச்சி இல்லையாம்! செடியைத் தொட்டியோடு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஆறு வருடம் கழித்துத் திறந்து, ஏன் நீ பூக்கவில்லை என்று கேட்கிற வெட்கங்கெட்ட கேள்வி அது.

பூட்டி வைத்ததன் பெயர் ‘பரிவு’. அந்தப் பெயரை வைத்தவனை முதலில் உதைக்க வேண்டும்.

2034-இல் மென்பொருள் எழுதுகிறவர்கள் வரிசையாக மேசையிலேயே சரிந்து விழுந்தார்கள். ஊரே கொதித்துப்போய் ஒரு சட்டம் வந்தது. எந்த ஊழியரும் ஓர் அளவுக்கு மேல் சோர்ந்துபோகக் கூடாது, மீறினால் நிறுவனத்துக்குப் பூட்டு. நல்ல சட்டம்தான், அதற்காகத் தெருவில் நின்று அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நிறுவனங்கள் உடனே பரிவை வாங்கி மாட்டின. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. நாடித் துடிப்பு, வியர்வை, உடம்புச் சூடு எல்லாவற்றையும் அது பார்க்கும். நிதானமாக இருந்தால் பச்சை, கொஞ்சம் ஏறினால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. மஞ்சளானால் பரிவு அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்து, அதைச் செய்யும்போது பச்சையாகவே இருக்கக்கூடிய வேறொருவருக்குத் தந்துவிடும். யார் எதைச் செய்தால் பச்சை என்பதைத்தான் அது ராப்பகலாகக் கற்றுக்கொண்டிருந்தது. நாவலூரில் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் பரிவு வந்த பிறகு ஒருவரும் சரிந்து விழவில்லை. அந்தப் பெருமையைப் பதாகையாக அடித்து வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள்.

பூவரசனுக்குத் தேதிக் கட்டத்தில் பச்சை. படிவங்களில் தேதி எழுதுகிற சின்னக் கட்டம் இருக்கிறதே, அது. ஆறு வருடமாக அதை மட்டும்தான் செய்துகொண்டிருந்தான்.

விடுவிக்கும் நாளுக்கு முன்னால் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்பது விதி. சுகிர்தா அன்று மதியமே அவனை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டாள். இருபத்தொன்பது வயது ஆள், பண்ருட்டிக்காரன், எப்போதும் எதையாவது கிண்டலடித்துக்கொண்டே இருப்பவன், படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“நான் என்னக்கா தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. ஒண்ணும் பண்ணலங்கிறதுதான் காரணம்னு போட்டிருக்கு.”

“பண்ண விட்டாங்களா?” அவன் குரல் எகிறியது. “சேர்ந்த ரெண்டாம் மாசம் ஒரு கஷ்டமான பக், புரோகிராம்ல ஒரு கோளாறு, சரி பண்ணக் குடுத்தாங்க. எங்க இருக்குன்னு பிடிக்கப் போற நேரம், பட்டை மஞ்சளாயிடுச்சு. வேலையப் பிடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துருச்சு. எனக்கு அப்ப சோர்வே இல்லக்கா. குஷியா இருந்துச்சு. சந்தோஷத்துலயும் நெஞ்சு அடிக்கும்ல? அது அதுக்குத் தெரியல.”

“கேட்டுப் பாக்கலையா?”

“பதினாலு தடவ எழுதிக் கேட்டேன். ‘உங்கள் நலன் கருதி மறுக்கப்படுகிறது’. அப்புறம் ஆறு வருஷம் நாள் முன்னாடியா மாசம் முன்னாடியா, ஜப்பான்காரனுக்கு எப்படி அமெரிக்காக்காரனுக்கு எப்படி. போன மாசம் வெளில ஒரு இன்டர்வியூ போனேன். தேதி தவிர வேற என்ன தெரியும்னு கேட்டான். எனக்குப் பதில் இல்ல. சிரிச்சான்கா அவன்.”

இங்கிருந்து போனால் இவனுக்கு வேறெங்கும் இடமில்லை என்பது சுகிர்தாவுக்குப் புரிந்துவிட்டது. படியேறி நேராக மாதவராஜின் அறைக்குப் போனாள்.

மாதவராஜ் கட்டடத்துக்கே தலைவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பிறந்த நாளுக்கு மறக்காமல் வாழ்த்து அனுப்புகிறவர், யாரையும் கடிந்து பேசாதவர். அவளை உட்காரச் சொல்லி, இஞ்சி டீ வரவழைத்தார்.

“சுகிர்தா, பூவரசனோட வளர்ச்சி வளைவு தட்டையா இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?”

“தட்டையா ஆக்கினது நாம சார். கஷ்டமான வேலை ஒண்ணுகூட அவனுக்குக் குடுக்கல.”

“ஏன் குடுக்கணும்? நல்ல நிர்வாகம்னா யாரும் கஷ்டப்படக் கூடாது. அதுக்குத்தானே இவ்வளவும் வெச்சிருக்கோம்?”

“கஷ்டமும் சோர்வும் ஒண்ணா சார்? கஷ்டப்பட்டு ஒண்ணக் கத்துக்கிட்டவன் சாயங்காலம் பாட்டுப் பாடிக்கிட்டு வீட்டுக்குப் போவான். நாள் முழுக்கச் சும்மா உக்காந்தவன்தான் செத்த முகத்தோட போறான். இங்க எட்டு மாடியிலயும் போய்ப் பாருங்க.”

மாதவராஜ் புன்னகைத்தார். எவ்வளவு கத்தினாலும் அந்தப் புன்னகை அசையாது. “உங்க அக்கறை எனக்குப் புரியுது. அதனாலதான் அஞ்சு வருஷமா சிறந்த குழுத் தலைவர் விருது உங்களுக்கு. வளைவு மேல போனா கடிதம் தானா ரத்தாயிடும். இருபத்தோரு நாள் இருக்கு. முயற்சி பண்ணுங்களேன்.”

கஷ்டமான வேலையை யாருக்கும் தராத இடத்தில், கஷ்டமான வேலை செய்து காட்டு என்கிறார். அவர் டீயை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அந்தக் கட்டடத்தில் ஒரு கோளாறு அநாதையாகத் திரிந்துகொண்டிருந்தது. தாம்பரம் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்த மென்பொருள் நிரலில், எப்போதாவது ஒரு நோயாளிக்குக் கொடுத்த மருந்து இரண்டு முறை பதிவாகிவிடும். யாரும் சாகவில்லை, அங்கே இருந்த செவிலியர்கள் விழிப்பாக இருந்ததால் சாகவில்லை, அவ்வளவுதான். அதை எடுத்தவர்கள் எல்லாரும் மறுநாளே மஞ்சளாகிவிடுவார்கள், பரிவு பிடுங்கி அடுத்தவருக்குத் தரும், அவர் முதலிலிருந்து தொடங்குவார். இரண்டு வருடத்தில் பதினேழு பேர் கைமாறிவிட்டது.

“இத எடுத்துக்க,” என்றாள் சுகிர்தா.

“ரெண்டு மணி நேரத்துல மஞ்சளாயிடும்கா. பிடுங்கிடும்.”

“பட்டைய என்கிட்ட குடு.”

காலையில் ஒரு தடவை விரல் ரேகையை வைத்துவிட்டால், நாள் முழுக்க அது அதே ஆள் என்று பட்டை நம்பிவிடும். தோல் பட்டால் போதும், யார் தோல் என்று கவலையில்லை. தினமும் ஒன்பது மணிக்குப் பூவரசன் ரேகையை வைத்துவிட்டுக் கழற்றித் தருவான். அவள் முழுக்கைச் சட்டைக்குள் அதை வலது மணிக்கட்டில் மாட்டிக்கொள்வாள். இடது கையில் அவளுடையது, வலது கையில் அவனுடையது. ஆறு மணிக்குத் திருப்பித் தருவாள். அவள் பட்டை மஞ்சளாகி யாரும் பார்த்ததில்லை, அவள் நாடி ஓடுகிறபடி அவன் கணக்கும் பச்சையாகவே ஓடும்.

அகப்பட்டால் இருவருக்கும் அன்றைக்கே வாசல்தான். தெரிந்தேதான் செய்தாள். கோபத்தில் இருப்பவளுக்குக் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

முதல் வாரம் வீணாகப் போயிற்று. பூவரசன் தனக்குத் தெரிந்ததையே தேடினான். கோளாறு தேதியில்தான் இருக்கும், நள்ளிரவு தாண்டும்போது ஏதோ இடறுகிறது என்று அடித்துச் சொன்னான். ஏழு நாள் தோண்டி, தேதி சுத்தமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தான். அன்றைக்கு விசைப்பலகையைத் தூக்கி மேசையில் அறைந்தான். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது.

“முடியலக்கா. எனக்கு ஒண்ணும் தெரியல. தேதி மட்டும்தான் தெரியும். அவன் சிரிச்சது சரிதான்.”

“எனக்கும் தெரியாது. இந்த நிரல்ல ஒரு வரிகூட நான் எழுதினதில்ல,” என்றாள் சுகிர்தா. “ஆனா இன்னிக்கு யாரும் உன்கிட்டேருந்து இதப் பிடுங்க மாட்டாங்க. நாளைக்கும் பிடுங்க மாட்டாங்க. நல்லாத் திட்டு, எந்திரிச்சு நட, வந்து உக்காரு.”

அவன் நன்றாகத் திட்டினான். மறுபடி உட்கார்ந்தான்.

இந்த நாட்களில் சுகிர்தாவுக்கு அவளுடைய வழக்கமான வேலையும் இருந்தது. கடிதங்கள். வழக்கத்தைவிட அதிகமாக, அந்த மூன்று வாரத்தில் மட்டும் மூன்று பேரை விடுவிக்க வேண்டியிருந்தது. இயந்திரம் யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது, மனிதர்தான் நேரில் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதற்கென எட்டாவது மாடிக் கோடியில், சத்தம் வெளியே போகாத ஓர் அறை கட்டியிருந்தார்கள். பலகையில் ‘உரையாடல் அறை’. ஊழியர்கள் வாயில் ‘சின்ன ரூம்’.

ஷர்மிளா பானு ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். சுகிர்தா அவளுக்கு எதிரே உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பெயர் சொல்லி அழைத்து, கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஷர்மிளா அழத் தொடங்கியதும் தோளில் கை வைத்து, “மூச்ச மெதுவா விடு, என்னைப் பாரு,” என்றாள். பத்து நிமிடத்தில் ஷர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரொம்ப தேங்க்ஸ் மேடம், நீங்க சொன்னதால தாங்கிக்க முடிஞ்சுது,” என்று எழுந்து போனாள். எல்லாரும் அப்படித்தான் போவார்கள். அதில் சுகிர்தாவுக்கு ஒரு பெருமைகூட உண்டு. மனசு நோகாமல் சொல்லத் தெரிந்தவள் நான் என்று.

அப்போது அவள் இரண்டு கையிலும் பட்டை இருந்தது. அது அவள் நினைவில் இல்லை.

பன்னிரண்டாம் நாள் பூவரசன் ஆபீசில் உட்காரவில்லை. ரேகையை வைத்துப் பட்டையைக் கொடுத்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போய்விட்டான். அங்கே வேதநாயகி என்ற செவிலியரின் பின்னாலேயே நாள் முழுக்க அலைந்தான். இரண்டாவது நாள் மாலை நான்கு மணிக்குச் சுகிர்தாவின் கைபேசி அலறியது.

“அக்கா! லிஃப்ட்டு!”

“என்னடா?”

“லிஃப்ட்டுக்குள்ள சிக்னல் போயிடுதுக்கா! இவங்க மருந்து குடுத்துட்டு, டேப்லெட்ல பதிவு பண்ணிக்கிட்டே லிஃப்ட்டுல ஏறுறாங்க. போய்ச் சேந்துச்சா இல்லையான்னு டேப்லெட்டுக்குத் தெரியல. வெளில வந்ததும் மறுபடி அனுப்புது. அவ்வளவுதான்கா! பதினேழு பேரும் மேசையிலயே உக்காந்து தேடியிருக்காங்க! நான் பதினோரு தடவ மேலயும் கீழயும் போனேன், லிஃப்ட்காரர் பைத்தியம்னு நெனச்சுட்டாரு!”

அவன் மூச்சு வாங்கியது போனில் கேட்டது. அந்த நேரம் அவன் கையில் பட்டை இருந்திருந்தால் நெருப்பாகச் சிவந்திருக்கும். சுகிர்தா தன் வலது மணிக்கட்டைப் பார்த்தாள். பச்சை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நிரலைத் திருத்த மூன்று நாள். அதன் பிறகு ஒரு பதிவுகூட இரட்டிக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து நன்றிக் கடிதமே வந்தது. இருபதாம் நாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராக, சுகிர்தா மாதவராஜின் அறைக்குள் நுழைந்தாள்.

சண்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

“நானே கூப்பிடலாம்னு இருந்தேன். பூவரசன் கடிதம் ரத்து. அதோட குழுத் தலைவர் பதவி. நேத்தே வந்துருச்சு.”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. “சார், அந்த மருத்துவமனைக் கோளாறு...”

“அதுவா?” அவர் திரையைப் பார்த்தார். “அது ‘சுலபமான பணி’ன்னு பதிவாகியிருக்கு. செஞ்ச ஆளுக்குச் சிரமமே இல்லையே, மூணு வாரமும் பச்சை. அதுக்கு மதிப்பெண் கிடையாது. இது வேற.”

திரையை அவள் பக்கம் திருப்பினார். மூன்று தேதிகள், மூன்று நேரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைக் கோடு. இடம் என்ற கட்டத்தில் சின்ன ரூம்.

“மூணு விடுவிப்புக்கும் அவனையும் உள்ள கூட்டிட்டுப் போயிருக்கீங்க. நல்ல காரியம், வாரிசு தயார் பண்றீங்க. பக்கத்துல ஒரு ஆள் கதறிக் கதறி அழறாங்க, இவன் துடிப்பு அசையவே இல்ல பாருங்க! இந்தக் கட்டடத்துல இப்படிக் கோடு இன்னும் ஒருத்தருக்குத்தான் உண்டு.” இன்னொரு கோட்டை வரவழைத்து அதன் மேல் வைத்தார். மயிரிழை விலகாமல் பொருந்தியது. “உங்களுக்கு.”

அது அவளுடையதேதான். இரண்டும் அவளுடையதுதான். சொல்லிவிட வாயெடுத்தாள். சொன்னால் பூவரசன் இன்றே வெளியே. வாயை மூடிக்கொண்டாள். ஆனால் வேறொன்று நெஞ்சில் தைத்துவிட்டது.

“சார், என் குழுவுக்கு வர்றவங்க...”

“கடைசி வருஷத்துக்கு வர்றவங்க.” அவர் ஆச்சரியப்பட்டார். “உங்களுக்குத் தெரியாதா? அனுப்ப வேண்டியவங்கன்னு பரிவு கணிச்சதும் உங்க குழுவுக்கு மாத்திடும். உங்க கையால போறவங்க யாரும் கத்தறதில்ல, கோர்ட்டுக்குப் போறதில்ல. ஏழு வருஷம், நாப்பத்தாறு பேர், ஒரு புகார் கிடையாது. அதுக்குத்தானே அந்த விருது? ஆளை அனுப்புறதுல உங்களுக்கு மட்டும் சோர்வே இல்ல. எவ்வளவு அரிய திறமை!”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனதாரப் பாராட்டினார். அவர் முகத்தில் நன்றிக் கடிதத்தைக் கசக்கி எறிய வேண்டும்போல இருந்தது சுகிர்தாவுக்கு. அவர்மீது இருந்ததைவிட அதிகக் கோபம் தன்மீதே இருந்தது. நல்ல மேனேஜர்! கசாப்புக் கடை வாசலில் ஆட்டைத் தடவிக் கொடுக்கிறவளுக்கு அப்படி ஒரு பெயரும் விருதும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அவளும் அதைக் கொண்டுபோய் வீட்டு அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பூவரசன் அவள் மேசை அருகே குதித்துக்கொண்டு நின்றான். “அக்கா! என்னை டீம் லீட் ஆக்கிட்டாங்க! அந்த லிஃப்ட்டுக்காகத்தானே?”

மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்துபோவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். பிறகு கேட்டான்: “ஷர்மிளா அழுதப்ப உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையாக்கா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. “ஆச்சுன்னுதான் நெனச்சேன்,” என்றாள். “பாவமா இருந்துச்சு.”

“பட்டைக்குத் தெரியுற அளவுக்கு இல்ல.”

“இல்ல.”

“நான் உண்மையாக் கத்துக்கிட்டது சுலபமான பணி. உங்க உடம்பு பண்ணது என் வளர்ச்சி.” அவன் சிரித்தான், கேட்கச் சகிக்காத சிரிப்பு. “திங்கக்கிழமை முதல் கடிதம் வருமாம். ஆளை அனுப்பணுமாம் நான்.”

“மாட்டேன்னு சொல்லு.”

“சொன்னா நான் போகணும். ஆறு வருஷம் தேதி போட்டவன்னு எழுதிக் குடுப்பாங்க. லிஃப்ட்டு அதுல வராதுக்கா.”

அவன் கீழே இறங்கிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு சுகிர்தாவைச் சின்ன ரூமுக்கு அழைத்தார்கள். வழக்கம்போல யாரையோ அனுப்பத்தான் என்று எண்ணிப் போனாள். கதவைத் திறந்தால் உள்ளே பூவரசன் நின்றான். கையில் ஒற்றைத் தாள். மணிக்கட்டில் அவனுடைய பட்டை, இந்த முறை அவன் கையிலேயே. அது ரத்தமாகச் சிவந்திருந்தது.

புரிந்துவிட்டது. ஒரே மாதிரி இரண்டு கோடுகள். ஒரு வேலைக்கு இரண்டு பேர் எதற்கு?

“அக்கா,” என்றான். தாளைப் பார்த்தான். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. நாற்காலியில் விழுந்தான், வாய்விட்டு அழுதான். சின்னப் பிள்ளைபோல, மூக்கொழுக, சத்தம் போட்டு.

சுகிர்தா கதவைச் சாத்தினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஊற்றி வைத்தாள். தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, “பூவரசா, மூச்ச மெதுவா விடு. என்னைப் பாரு,” என்றாள்.

அவள் காதில் அவள் குரலே விழுந்தது. இதே குரல். நாற்பத்தாறு பேரிடம் பேசிய குரல். தன் மணிக்கட்டைப் பார்த்தாள். வேலை போனது அவளுக்கு. அழுவது அவன். அவள் பட்டை பச்சை.

தோளிலிருந்து கையை எடுத்தாள். என்ன ஜென்மம் இது, என்ன ஜென்மமாக என்னை ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்று நெஞ்சு அறைந்துகொண்டது.

“அழு,” என்றாள். “நிறுத்தாத. நல்லா அழு.”

எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து, தண்ணீர்ப் பாட்டிலை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள்.

அழுகை எட்டாவது மாடி முழுக்கப் போயிற்று. அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் வெளியே வந்து யாரும் கேட்டதில்லை. தட்டச்சு நின்றது. தலைகள் திரும்பின. அறைச் சுவரில் இருந்த திரையில் எழுத்து மாறியது: ‘பூவரசனுக்கு இந்தப் பணி சோர்வளிக்கிறது. தினகரனுக்கு மாற்றப்படுகிறது.’ மூன்றாவது வரிசையில் தினகரன் எழுந்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு இவர்களையே பார்த்தான். அவன் மணிக்கட்டு மஞ்சளாகி, சிவந்தது. ‘பெனாசிருக்கு மாற்றப்படுகிறது.’ பெனாசிர் அழத் தொடங்கியிருந்தாள்.

“யாரை அனுப்புறாங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“என்னை!” சுகிர்தா கத்தினாள். அவள் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. “இதுக்கு முன்னாடி நாப்பத்தாறு பேர், நான் அனுப்பினேன், இந்தக் கதவைச் சாத்திக்கிட்டு! ஷர்மிளா பானு, ஒன்பது வருஷம்! செங்குட்டுவன், அவர் மனைவிக்கு அன்னிக்கு ஆபரேஷன்! லூர்து மேரி! கேளுங்க எல்லாரும்!”

லிஃப்ட்டிலிருந்து மாதவராஜ் ஓடி வந்தார். “கதவைச் சாத்துங்க சுகிர்தா! எல்லாருக்கும் சிவப்பாகுது! கதவை முதல்ல சாத்துங்க!” அந்தப் புன்னகை இல்லாமல் அவர் முகத்தை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. திரையில் அவர் பெயர் வந்தது. அவரும் சிவந்துதான் இருந்தார். அவர் பெயரும் போயிற்று.

அவள் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனாள். ஏழாவது பெயரில் குரல் உடைந்தது, அவள் பட்டையும் பச்சையை விட்டது. மேசைகளை விட்டு ஆட்கள் எழுந்து வந்தார்கள், அறை வாசலில் நின்றார்கள், ஒருவரும் திரும்பிப் போகவில்லை. பூவரசன் எழுந்து வந்து, கண்ணைத் துடைக்காமலேயே அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். திரை கொஞ்ச நேரம் பெயர் பெயராகத் தேடிப் பார்த்தது. பிறகு அதில் ஒரே வரி நின்றது: ‘இந்தப் பணிக்குத் தகுந்த ஆள் தற்போது இல்லை.’